பழைய ஃபைல் மூட்டை: கடைக்கா, மெஷினுக்கா, ஆலைக்கா?

ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம் சின்ன அலுவலகங்களில் ஒரு வேலை தவறாமல் நடக்கும். பரணில் கிடப்பதையெல்லாம் இறக்கித் தூசி தட்டுவார்கள். "இது வேணுமா சார்?" என்று ஒருவர் கேட்பார், "தூக்கிப் போடுப்பா" என்று இன்னொருவர் சொல்வார், சாயங்காலத்துக்குள் பழைய பேப்பர்காரர் தராசோடு வந்துவிடுவார். மூட்டைக்குள் என்ன போகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. ஆதார் நகல், பான் நகல், சம்பளப் பட்டியல், கேன்சல் செய்த காசோலை, ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஒட்டிய சேர்க்கை விண்ணப்பம், அதோடு பின் அடித்த வருமானச் சான்று. ஒருவர் பெயரில் சிம் கார்டு எடுக்கவோ கடனுக்கு விண்ணப்பிக்கவோ இதற்கு மேல் என்ன வேண்டும்?

இந்த மூட்டையை ஒழிக்க நம் ஊரில் ஐந்தாறு வழிகள் இருக்கின்றன. எதை எடுப்பது என்று முடிவு செய்ய வேண்டிய ஆடிட்டர் அலுவலகம், கிளினிக், லேப், டியூஷன் சென்டர், சின்னப் பள்ளி, ஜெராக்ஸ் கடை ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். வங்கிகளுக்கும் பெரிய மருத்துவமனைகளுக்கும் இதற்கென்றே ஆள் உண்டு, அவர்களை விட்டுவிடலாம்.

ஒப்பிட நான் வைத்துக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான். உங்கள் கையை விட்ட நேரத்திலிருந்து, யாராலும் படிக்க முடியாத நிலைக்கு வரும்வரை, அந்தக் காகிதம் எத்தனை பேர் கைக்கு மாறுகிறது? விலையும் வேகமும் அதற்கு அப்புறம்தான்.

சட்டம் எங்கே நிற்கிறது

இந்த விஷயத்தில் அமெரிக்காவுக்கு இருபது வருட அனுபவம் இருக்கிறது. அங்கே நுகர்வோர் பாதுகாப்பைப் பார்க்கும் ஃபெடரல் டிரேட் கமிஷனின் 'டிஸ்போசல் ரூல்' 2005 ஜூன் 1 முதல் அமலில் உள்ளது. கிரெடிட் ரிப்போர்ட் மாதிரியான நுகர்வோர் அறிக்கைகளில் இருந்து கிடைத்த தகவலைத் தொழில் நிமித்தம் வைத்திருப்பவர்கள், அதைத் திரும்பப் படிக்கவோ சேர்த்து மீட்கவோ நடைமுறையில் முடியாதபடி ஒழிக்க வேண்டும். காகிதத்துக்கு எரிப்பது, அரைப்பது, துண்டாக்குவது என்று உதாரணமே சொல்லியிருக்கிறார்கள். வெளியாளிடம் கொடுத்தால் அவரைப் பற்றி விசாரித்துவிட்டுக் கொடு என்கிறது விதி. பல மாநிலங்களில் இதற்கு மேல் தனிச் சட்டங்களும் உண்டு. மருத்துவத் தகவலுக்கு ஹிப்பா என்ற தனிச் சட்டம் இருக்கிறது. நோயாளி பெயர் ஒட்டிய மாத்திரை டப்பாக்களைக் குப்பைத் தொட்டியில் போட்ட விவகாரத்தில் சிவிஎஸ் மருந்துக்கடை நிறுவனம் 2009-இல் 22.5 லட்சம் டாலர் கட்டியது. லேபிளைக் கிழித்துப் போட்டிருந்தால் தீர்ந்திருக்கும்.

நம்மிடம் இருப்பது 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன, பெரும்பாலான கடமைகள் 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதம் அமலுக்கு வருகின்றன. தகவலை வாங்கிய நோக்கம் முடிந்துவிட்டாலோ, கொடுத்தவர் சம்மதத்தைத் திரும்பப் பெற்றாலோ, வேறு சட்டம் வைத்திருக்கச் சொல்லாத பட்சத்தில் அதை அழிக்க வேண்டும் என்கிறது 8-ஆம் பிரிவு. நீங்கள் வேலை கொடுத்த வெளி நிறுவனத்தையும் அழிக்க வைக்க வேண்டும், அவர்கள் சொதப்பினாலும் பொறுப்பு உங்களுடையது. போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யாததற்கு அபராத உச்சவரம்பு 250 கோடி ரூபாய். டியூஷன் சென்டர் மீது அந்தத் தொகையை யாரும் போடப்போவதில்லை, ஆனால் சிறிய அமைப்பு என்பதற்காக இந்த ஏற்பாட்டிலிருந்து தானாக விலக்குக் கிடைத்துவிடாது.

இதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. டிஜிட்டல் வடிவில் இருக்கும் தகவலுக்கும், காகிதத்தில் வாங்கிப் பிறகு டிஜிட்டலாக்கிய தகவலுக்கும்தான் இந்தச் சட்டம். கம்ப்யூட்டர் பக்கமே போகாத பேரேடும் விண்ணப்பக் கட்டும் இதற்குள் வராது. அமெரிக்க விதி குப்பைத் தொட்டிக் காகிதத்தில் தொடங்கியது, நாம் காகிதத்தைத் தாண்டிக் குதித்துவிட்டோம். பழைய பேப்பர் கடைகள் தெருவுக்கு ஒன்று இருக்கும் நாட்டில் இது சரியான வரிசையாக எனக்குப் படவில்லை.

அதற்காகக் காகிதத்தை இஷ்டத்துக்குப் போடலாம் என்று அர்த்தமில்லை. வாடிக்கையாளர் தகவலை அவர் சம்மதமின்றி வெளியிட்டால் சார்ட்டர்டு அக்கவுன்டன்ட்டுக்குத் தொழில் ஒழுங்கீனம், 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. மருத்துவருக்கும் ரகசியம் காக்கும் கடமை உண்டு. தவிர, இன்று எந்த அலுவலகத்தில் விண்ணப்பம் காகிதமாக மட்டும் இருக்கிறது? எக்செல்லில் ஏறியிருக்கும், இல்லையென்றால் யாராவது வாட்ஸ்அப்பில் போட்டோ எடுத்து அனுப்பியிருப்பார்கள்.

போடும் முன்

எதை இன்னும் போடக்கூடாது என்று பிரித்தெடுப்பதுதான் முதல் வேலை. கம்பெனிகள் கணக்குப் புத்தகங்களை எட்டு நிதியாண்டுகளுக்கு வைத்திருக்க வேண்டும். ஜிஎஸ்டி ஆவணங்களுக்கு அந்த வருட ஆண்டு ரிட்டர்னின் கெடு தேதியிலிருந்து 72 மாதம். உள்நோயாளிகளின் மருத்துவப் பதிவுக்கு, 2002-ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதிப்படி, சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று வருடம். வழக்கு நடந்தால் முடியும்வரை தொடக்கூடாது. புதிய தரவு விதிகளும் சில பதிவுகளைக் குறைந்தது ஒரு வருடம் வைக்கச் சொல்கின்றன. வருமான வரிக் கணக்கு தனி, அதை ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள். கெடு முடிந்ததை 'எதற்கும் இருக்கட்டும்' என்று வைத்திருப்பதில் லாபம் ஒன்றுமில்லை. திருடு போக ஒரு பொருள் கூடுதலாக இருக்கிறது, அவ்வளவுதான்.

காகிதத்துக்கு உள்ள வழிகள்

பழைய பேப்பர் கடையில் இருந்து தொடங்குவோம், பெரும்பாலானவர்கள் செய்வது அதுதான். நூறு கிலோ போட்டால் ஆயிரத்துச் சொச்சம் கையில் வரும், இடம் காலியாகும், ஆயுத பூஜைப் பொரி செலவுக்கு ஆச்சு. கை மாறும் கணக்கைப் பாருங்கள். தெருக்கடையில் எடை போடுபவர், அங்கிருந்து மொத்த வியாபாரி, அவர் குடோனில் வெள்ளை, கலர், அட்டை என்று ஒவ்வொரு கட்டாகப் பிரிக்கும் ஆட்கள், லாரி, கடைசியில் ஆலை. இதற்குள் கிளை வழிகளும் உண்டு. ஒரு பக்கம் வெள்ளையாக இருக்கும் ஏ4 தாள் கவர் ஒட்டுபவருக்குப் போகும், வேர்க்கடலைப் பொட்டலமாகும். பஜ்ஜி எண்ணெயில் ஊறிய தாளைப் பிரித்தால் உள்ளே யாரோ ஒருவரின் கடன் விண்ணப்பம், தவணைத் தொகை, செல்போன் எண்ணோடு தெளிவாக இருக்கும். நம் ஊரில் பலரும் பார்த்த காட்சி இது. பேப்பர்காரர் மேல் குற்றமில்லை, அவர் வாங்கியது எடையைத்தான். செய்தித்தாள், கேட்லாக், காலி அட்டைப்பெட்டிக்கு இந்த வழி அருமையானது. பெயரும் எண்ணும் உள்ள தாளுக்கு வேண்டவே வேண்டாம்.

சரி, எரித்துவிடலாமா? போகி அன்று சேர்த்துக் கொளுத்துவது பலருக்குத் தோன்றும். கை மாறுவதே இல்லை என்பது உண்மைதான். ஆனால் கட்டாகப் போட்ட காகிதம் ஓரம் கருகுமே தவிர நடுவே எரியாது, காற்றுப் புகாது. ஃபைலைப் பிரித்துத் தாள் தாளாகப் போட்டுக் கிளற வேண்டும், பாதி எரிந்த தாள்கள் பக்கத்து மொட்டை மாடிக்குப் பறக்கும். போகிப் புகையால் சென்னையில் விமானங்களே தாமதமான வருடங்கள் உண்டு. குப்பையைத் திறந்தவெளியில் எரிக்கப் பசுமைத் தீர்ப்பாயம் 2016-இல் நாடு முழுவதும் தடை போட்டது, சின்ன அளவில் எரித்தால் 5,000 ரூபாய், மொத்தமாக எரித்தால் 25,000 ரூபாய் என்று அபராதமும் சொன்னது. அமெரிக்க விதியில் எரிப்பது முதல் உதாரணமாக இருக்கலாம், நம் மொட்டை மாடிக்கு அது ஒத்துவராது.

அடுத்தது, சொந்தமாக ஒரு ஷ்ரெட்டர், அதாவது காகிதம் நறுக்கும் மெஷின். இங்கேதான் வாங்குபவர்கள் தவறான சாமானை வாங்கி வருகிறார்கள். நீள நீளமாக நாடா போல வெட்டும் மலிவு மெஷின் ஒரு வகை, குறுக்கிலும் வெட்டிப் பொடித் துண்டாக்கும் கிராஸ் கட் மெஷின் இன்னொரு வகை. நாடா மெஷினில் ஒரு தாளைப் பக்கவாட்டில் திருப்பி விட்டுப் பாருங்கள். ஆறு மில்லிமீட்டர் அகல நாடாவில் ஒரு வரி முழுசாக, பெயர், பிறந்த தேதி, கணக்கு எண் என்று அப்படியே படிக்கக் கிடைக்கும். நேராக விட்டாலும் முப்பத்தைந்து நாடாதான், பொறுமையுள்ளவர் சேர்த்துவிடுவார். 1979-இல் டெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகம் இப்படித்தான் ரகசியக் காகிதங்களை நாடாவாக்கிப் போட்டது. ஈரானியர்கள் கம்பளம் நெய்பவர்களை வைத்து அவற்றைச் சேர்த்து, புத்தகமாகவே அச்சிட்டார்கள்.

ஜெர்மானிய டிஐஎன் 66399 தரத்தில் பி-1 முதல் பி-7 வரை அளவுகள் உண்டு. ஆள் விவரம் உள்ள காகிதத்துக்கு பி-4 போதும். துண்டு 160 சதுர மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது, அதாவது நாலுக்கு நாற்பது மில்லிமீட்டர். ஒரு ஏ4 தாள் ஏறக்குறைய 400 துண்டாகும். பெட்டியில் 'பி-4' என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், ஐந்தாயிரம் ரூபாய்ச் சொச்சத்திலேயே கிடைக்கிறது. அதற்கு மேல் பி-5, பி-6 எல்லாம் ராணுவ ரகசியம் வைத்திருப்பவர் கவலை.

இந்த வழியின் குறை நேரம். ஒரு பெட்டிக்கு ஐந்து ரீம், 2,500 தாள். சின்ன மெஷின் ஒரு தடவைக்கு எட்டுத் தாள் விழுங்கும், ஆக முந்நூறு தடவைக்கு மேல் ஊட்ட வேண்டும். ஐந்து நிமிடம் ஓடினால் மோட்டார் சூடாகி அரை மணி ஓய்வு கேட்கும். நடுவே டேகை அவிழ்ப்பது, கிளிப் கழற்றுவது, பிளாஸ்டிக் உறையை உருவுவது. ஒரு பெட்டிக்கே ஒரு நாள் ஓடிவிடும். முப்பது பெட்டிக்கு இது ஆகாத காரியம். அலுத்துப்போன பையன் இருபதாவது பெட்டியைச் சத்தமில்லாமல் பேப்பர்காரரிடம் தள்ளிவிடுவான், அவனைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் தினமும் சேரும் தாளுக்கு, அன்றன்றைக்குப் போட்டுவிட்டால், இதைவிட நல்ல வழி கிடையாது. கை மாற்றம் பூஜ்யம்.

பெட்டிகள் நிறைய இருந்தால் ஷ்ரெட்டிங் சேவை. பெரிய நகரங்களில் வண்டியிலேயே மெஷின் வைத்து வாசலுக்கு வந்து அரைத்துக் கொடுப்பவர்களும் உண்டு, மூட்டையை எடுத்துப் போய்த் தங்கள் இடத்தில் அரைப்பவர்களும் உண்டு. வாசலில் அரைப்பது விலை கூட. நான் கூடுதல் காசு கொடுத்தாவது அதையே எடுப்பேன், கண் முன்னால் முடிந்துவிடுகிறது. எடுத்துப் போகிறவர்கள் என்றால் பூட்டிய பெட்டியில் போகிறதா, எத்தனை நாளில் அரைக்கிறார்கள், நம் ஆள் ஒருவர் கூட வரலாமா என்று கேளுங்கள். 'அழிப்புச் சான்றிதழ்' எல்லோரும் தருவார்கள். தேதி, எடை, முறை, அழித்த இடம் இல்லாத சான்றிதழ் வெறும் லெட்டர்ஹெட்.

ஆலைக்கு நேராக அனுப்புவது கடைசி வழி, அதிகம் பேசப்படாத நல்ல வழியும்கூட. உடுமலைப்பேட்டை, கோவை, ஈரோடு பக்கம் கழிவுக் காகிதத்தை வைத்தே ஓடும் ஆலைகள் இருக்கின்றன. பல்பர் என்ற ராட்சதத் தொட்டியில் தண்ணீரோடு சேர்த்துக் கடைந்தால் அரை மணிக்குள் எல்லாம் கூழ். ஷ்ரெட்டர் துண்டையாவது ஒட்டலாம் என்று ஒருவர் கனவு காணலாம், கூழில் அதற்கும் வழியில்லை. காகிதத்துக்கு விலையும் வரும். சிக்கல், ஆலைகள் சரக்கை லோடு கணக்கில்தான் பார்க்கும், பத்து மூட்டைக்குக் கேட்டைத் திறக்காது. நடுவில் ஏஜென்ட் வந்தார் என்றால் கூடவே அவர் குடோனும் வந்துவிடும். ஒரே கட்டடத்தில் நாலு அலுவலகமோ, ஒரு அறக்கட்டளையின் ஐந்தாறு பள்ளிகளோ சேர்ந்து ஒரு லாரி ஏற்றி, நம் ஆள் ஒருவர் கூடவே போய், பல்பரில் விழும்வரை நின்று பார்த்துவிட்டு வருவது என்றால், எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் உசத்தி.

லேப், ஸ்கேன் சென்டர்காரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. எக்ஸ்ரே ஃபிலிமை வெள்ளிக்காக விலைக்குக் கேட்டு ஆள் வருவார்கள். ஃபிலிம் மூலையில் நோயாளியின் பெயர், வயது, தேதி இருக்கும். அந்த மூலையை வெட்டி எடுத்துவிட்டுக் கொடுங்கள், வெள்ளி ஒன்றும் குறைந்துவிடாது.

ஹார்ட் டிஸ்க் தனிக் கதை

சட்டம் நேராகக் கை வைப்பது இங்கேதான். பழைய சிபியுவை எக்ஸ்சேஞ்சில் போடும் முன் ரீசைக்கிள் பின்னைக் காலி செய்து, முடிந்தால் ஃபார்மேட் அடித்துவிட்டுத் திருப்தி அடைகிறோம். குயிக் ஃபார்மேட்டில் ஃபைல்கள் அப்படியே இருக்கும், பட்டியல் மட்டும்தான் போகும். இலவச ரெக்கவரி மென்பொருளே திரும்ப எடுத்துவிடும்.

சுழலும் பழைய வகை டிஸ்க் என்றால் பழைய தரவின் மேல் வேறு எதையாவது முழுவதும் ஒரு தடவை மேலெழுதினால் போதும். முப்பத்தைந்து தடவை எழுத வேண்டும் என்பதெல்லாம் 1990-களின் டிஸ்க்குகளுக்கான பேச்சு. சுழலாமல் சிப்பில் சேமிக்கும் புது வகையான எஸ்எஸ்டி-யில் மேலெழுதுவதை நம்பக்கூடாது. சிப் சீக்கிரம் தேயாமல் இருக்க அது தரவை உள்ளுக்குள் இடம் மாற்றிக்கொண்டே இருக்கும், சில பகுதிகளை நீங்கள் எட்டவே முடியாது. தயாரிப்பாளர் தரும் செக்யூர் இரேஸ் கட்டளைதான் அதற்கு வழி. காந்தத்தால் அழிக்கும் டீகாஸ் மெஷினும் எஸ்எஸ்டி-யிடம் பலிக்காது. துளை போடுவதானால் சிப்பின் மேலேயே போட வேண்டும், ஓரத்தில் போட்ட ஓட்டையால் பயனில்லை. இந்தத் தொல்லை எதுவும் வேண்டாமென்றால், புது கம்ப்யூட்டர் வாங்கிய அன்றே சாவியில்லாமல் தரவைப் படிக்க முடியாதபடி பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போன்ற என்கிரிப்ஷனைப் போட்டுவிடுங்கள். பின்னால் சாவியை அழித்தால் டிஸ்க்கில் மிஞ்சுவது குப்பை. இந்த வழிகளில் செலவும் இதுக்குத்தான் குறைவு, என் ஓட்டும் இதுக்குத்தான்.

கை மாறும் கணக்கு இங்கே எவ்வளவு முக்கியம் என்பதற்கு அமெரிக்க முதலீட்டு வங்கியான மார்கன் ஸ்டான்லியைப் பாருங்கள். பழைய சர்வர்களையும் டிஸ்க்குகளையும் ஒழிக்கும் வேலையை, தரவு அழிப்பில் அனுபவமே இல்லாத ஒரு வீடு மாற்றும் நிறுவனத்திடம் கொடுத்தார்கள். சாமான் கைமாறிக் கைமாறி, தரவு அழியாமலே இணைய ஏலத்துக்கு வந்தது. சுமார் ஒன்றரைக் கோடி வாடிக்கையாளர் தகவல் சம்பந்தப்பட்ட இந்த விவகாரத்தில் 2022-இல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் வாங்கியது 3.5 கோடி டாலர். நம் ஊரில் மின்கழிவை அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுத்துச் சான்று வாங்குவார்கள். அந்தச் சான்று சுற்றுச்சூழலுக்கானது. டிஸ்க்கில் இருந்த தரவு என்ன ஆயிற்று என்று அது சொல்லாது, அழித்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

ஜெராக்ஸ் மெஷினை யாரும் நினைப்பதில்லை. பெரிய டிஜிட்டல் காப்பியர்கள் பலவற்றில் ஹார்ட் டிஸ்க் உண்டு, எடுத்த நகல்களின் படம் அதில் தங்கலாம். அமெரிக்காவில் சிபிஎஸ் தொலைக்காட்சி 2010-இல் பழைய காப்பியர்களை வாங்கித் திறந்து பார்த்தது. ஒன்றில் அஃபினிட்டி ஹெல்த் பிளான் என்ற காப்பீட்டு நிறுவனத்தின் மருத்துவத் தகவல்கள். 2013-இல் அந்த நிறுவனம் 12 லட்சம் டாலருக்கு மேல் கட்டியது. குத்தகை மெஷினைத் திருப்பிக் கொடுக்கும்போது டிஸ்க்கை என்ன செய்வார்கள் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

யாருக்கு எது

கிளினிக், டியூஷன் சென்டர் அளவுக்கு பி-4 மெஷின் ஒன்று போதும், தினமும் போடுவது என்ற பழக்கத்தோடு. ஆடிட்டர் அலுவலகத்துக்கு அதே மெஷினும், கெடு முடிந்த வருடக் கட்டுகளுக்கு வருடத்துக்கு ஒரு தடவை வாசலில் அரைக்கும் வண்டியும். வண்டி வராத ஊர் என்றால், கட்டிலிருந்து ஆதார், பான், வங்கி விவரம் உள்ள தாள்களை மட்டும் உருவி மெஷினில் போட்டுவிட்டு மீதியைக் கடையில் போடலாம். முழுமையான தீர்வு இல்லை, முப்பது பெட்டியையும் முழுசாகத் தள்ளுவதைவிடப் பல மடங்கு மேல். பள்ளிகளுக்கு லாரியும் ஆலையும்.

ஜெராக்ஸ் கடைக்கும் இ-சேவை மையத்துக்கும் பிரச்சினை வேறு. டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தால் ஊரில் பாதிப் பேரின் ஆதார் பிடிஎஃப் வரிசையாக நிற்கும். கடையின் வாட்ஸ்அப்பிலும் அதே. தப்பாக அச்சான ஆதார் நகலை நாலாக வெட்டி, பின்பக்கத்தில் பில் எழுதிக் கொடுப்பது சகஜம். 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் நகலை யாருக்கும் கொடுக்காதீர்கள் என்று எச்சரித்து, தவறாகப் புரிந்துகொள்ளப்படும் என்று இரண்டே நாளில் திரும்பப் பெற்ற கூத்தும் நடந்தது. கடைக்காரர் அதற்கெல்லாம் காத்திருக்க வேண்டாம். ராத்திரி கடை சாத்தும் முன் ஃபோல்டரையும் வாட்ஸ்அப் சாட்டையும் காலி செய்வது, வாட்ஸ்அப்பில் மறைந்துபோகும் செய்தியை 24 மணி நேரத்துக்கு வைப்பது, தப்பு நகலுக்கு மேஜைக்கு அடியில் ஒரு மெஷின், இவ்வளவுதான் வேண்டும்.

எந்த வழி எடுத்தாலும் ஒரு நோட்டுப் போடுங்கள்: தேதி, எந்த வருட ஆவணம், எத்தனை பெட்டி, எப்படி அழித்தது, இரண்டு பேர் கையெழுத்து. நாளைக்கு யாராவது கேட்டால் காட்ட இருக்கும். அந்த நோட்டில் வாடிக்கையாளர் பெயர்களை மட்டும் எழுதாதீர்கள், '2014-15 விண்ணப்பங்கள், 3 பெட்டி' என்றால் போதும்.